புகைக்குச் சோதனை உண்டு, போல் ஜொயின்டுக்கு இல்லை

லீவு நாள் பின்னேரம் கற்பிட்டி ரோட்டில் ஒரு மணித்தியாலம் நின்று பாருங்கள். பாலாவிச் சந்தியில் திரும்பி நுரைச்சோலைப் பக்கம் போகிற பழைய ஹொண்டா சிவிக், மிட்சுபிஷி லான்சர், எப்பவாவது ஒரு சுபாரு இம்பிரேசா. பெயின்ட் பளபளக்கும். சைலன்சர் சத்தம் களப்புக்கு அந்தப் பக்கமும் கேட்கும். அலோய் வீல் புதுசு, பம்பர் புதுசு, கார் தரையோடு தரையாக இருக்கும். ஒரு பள்ளத்தில் விழுந்து எழும்பும்போது மட்டும் காதைக் கொடுங்கள். முன்பக்கம் "டொக்" எண்டு ஒரு சத்தம். பின்பக்கம் ரெண்டு மூண்டு தரம் ஆடித்தான் நிற்கும்.

அந்த "டொக்" பற்றித்தான் எழுதுகிறோம்.

ஸ்போர்ட்ஸ் கார் ஆசைக்கு நாங்கள் எதிரி இல்லை. பணக்காரத் திமிர், ஊதாரித்தனம் எண்டு திட்டுகிற பெரியவர்களோடும் எங்களுக்கு உடன்பாடு கிடையாது. முப்பது வருசத்துக்கு முந்தி ஜப்பானில் செய்த ஒரு சின்னக் காரை உயிரோடு வைத்திருப்பது நல்ல வேலை. கை வேலை தெரிந்த பொடியன்மார் செய்கிற வேலை. எங்கள் சண்டை வேறு. இந்தக் கரையில் காரை நேசிக்கிறோம் எண்டு சொல்லுகிற முக்கால்வாசிப் பேர் கண்ணுக்குத் தெரிகிற பகுதியைத்தான் நேசிக்கிறார்கள். காரை ரோட்டில் பிடித்து வைத்திருக்கிற பகுதி அடியில் இருக்கு, அழுக்காக இருக்கு, போட்டோவில் வராது. அதனால் அதுக்குக் காசு இல்லை. இதே நோய் அரசாங்கத்துக்கும் இருக்கு. அதுக்குப் பிறகு வருவோம்.

முதலில் அடியில் என்ன இருக்கு எண்டு பார்ப்போம். ஸ்பிரிங் காரின் பாரத்தைத் தாங்குகிறது. ஷொக் அப்சோபர் அந்த ஸ்பிரிங் துள்ளாமல் அடக்குகிறது. ஆர்ம்கள் சக்கரத்தைச் சொன்ன இடத்தில் பிடிக்கின்றன. அந்த ஆர்ம் பொடியோடு சேருகிற இடத்தில் இருப்பது இரும்பு இல்லை, ரப்பர்: புஷ். சக்கரப் பக்கம் சேருகிற இடத்தில் போல் ஜொயின்ட். எங்கட தோள் மூட்டு மாதிரி ஒரு குண்டும் ஒரு குழியும். எஞ்சின் எவ்வளவு பலமாக இருந்தாலும் அது ரோட்டுக்கு வருவது இந்த ரப்பர் துண்டுகளும் நாலு குண்டுகளும் வழியாகத்தான்.

நாங்கள் சிவிக்கையே உதாரணமாக எடுக்கிறோம், ஏனெண்டால் இங்கே அதுதான் கூட. 1991 இல் வந்த ஈஜியும் 1995 இல் வந்த ஈகேயும் முன்னும் பின்னும் டபிள் விஷ்போன். அந்த விலைக் காரில் அது பெரிய விசயம். அதனால்தான் வளைவில் அந்தக் கார் அப்படி ஒட்டிப் போகும். ஆனால் அதே டிசைனில் பின்பக்கம் ஒரு பெரிய புஷ் இருக்கு, ட்ரெயிலிங் ஆர்ம் பொடியோடு சேருகிற இடத்தில். அது கிழிந்தால் பிரேக் பிடிக்கும்போதும் வளைக்கும்போதும் பின்சக்கரம் தன்பாட்டுக்கு உள்ளே வெளியே திரும்பும். நீங்கள் முன்னால் ஸ்டியரிங் பிடிக்க, பின்சக்கரம் தனியாக இன்னொரு ஸ்டியரிங் பிடிக்கும். ஓட்டுகிறவர் நினைப்பார், "டயர் சரியில்ல மச்சான்" எண்டு. டயர் மாற்றுவார். ஆறு மாசத்தில் புது டயரும் ஒரு பக்கம் மட்டும் தேய்ந்து வரும். திரும்ப டயர் மாற்றுவார். புஷ் அங்கேயே கிழிந்து கிடக்கும்.

கடைசி ஈகே செய்தது 2000 ஆம் ஆண்டில். அதிலுள்ள தொழிற்சாலை ரப்பருக்கு இண்டைக்கு என்ன வயசு எண்டு நீங்களே கணக்குப் பாருங்கள்.

ரப்பருக்கு வயசு போவது ஓடின கிலோமீட்டரால் மட்டும் இல்லை. சும்மா நிண்டாலும் போகும். காற்றும் வெயிலும் எண்ணெய்க் கசிவும் அதை இறுக வைக்கும், வெடிக்க வைக்கும். அதோடு எங்கட கரை. பாலாவியில் ரோட்டோரமே உப்பளம். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் களப்பு, இடையில் ஒரு துண்டு மணல். அதுதான் கற்பிட்டிக் குடா. இரும்புக்கு இதைவிடக் கெட்ட இடம் கிடையாது. ஸ்பிரிங் உட்காருகிற தட்டில் மணலும் உப்பும் தங்கும், அங்கிருந்துதான் துரு தொடங்கும். புஷ்ஷின் உள் இரும்புக் குழாயோடு போல்ட் ஒட்டிப்போகும். கழற்றப் போனால் கிரைண்டர் போட்டு அறுக்கத்தான் வேணும். போல் ஜொயின்ட்டை மூடியிருக்கிற ரப்பர் உறை ஒரு விரல் நகம் அளவுக்குக் கிழிந்தால் போதும், கிறீஸ் வெளியே வந்து மணல் உள்ளே போகும். பிறகு அந்தக் குண்டு ஒவ்வொரு திருப்பத்திலும் தன்னைத்தானே அரைக்கும். இந்தக் காரைக் கண்டக்குளிப் பக்கம் கடற்கரை மணலில் இறக்கி, சக்கரத்தில் அலை அடிக்க நிறுத்தி போட்டோ எடுக்கிறோம். வீட்டுக்கு வந்து மேலே மட்டும் கழுவுகிறோம்.

இப்ப "ஜப்பான் ஒரிஜினல்" கதைக்கு வருவோம். பழைய ஸ்போர்ட்ஸ் காருக்குச் சாமான் எண்டதும் எல்லாரும் கொழும்பு பஞ்சிகாவத்தைக்குத்தான் ஓடுகிறோம். அங்கே வெட்டி வந்த காரின் முழு ஆர்ம் செட், ஷொக்கோடு, ஸ்பிரிங்கோடு கிடைக்கும். கடைக்காரர் ஒரு தட்டுத் தட்டுவார். "ஜப்பான் சாமான் தம்பி, சைனா இல்ல." நாங்களும் சந்தோசமாகக் கட்டிக்கொண்டு வருகிறோம்.

கொஞ்சம் யோசியுங்கள். ஜப்பானில் புதுக் கார் ஒன்றுக்கு மூன்று வருசத்தில் முதல் ஷாகென் சோதனை, பிறகு ரெண்டு வருசத்துக்கு ஒருமுறை. ஓட்டை உடைசலோடு அதில் பாஸ் பண்ண முடியாது. கார் பழசாகப் பழசாக, அந்தச் சோதனைக்கு ஆகிற செலவைப் பார்த்துத்தான் பல பேர் காரையே கைவிடுகிறார்கள். அப்படிக் கைவிட்ட காரின் காலைக் கழற்றி நாங்கள் எங்கட காருக்குப் போடுகிறோம். பியரிங், கியர்பொக்ஸ், இரும்பு ஆர்ம் எண்டால் விளங்கும். நல்ல இரும்பு நல்ல இரும்புதான். ஆனால் உங்கட காரின் 1996 ஆம் ஆண்டு ரப்பரைக் கழற்றிப்போட்டு இன்னொரு காரின் 1996 ஆம் ஆண்டு ரப்பரைப் போடுவதுக்கு "ரிப்பேர்" எண்டு பேர் வைக்கலாமா? ஜப்பான் கம்பனிகளே இதை ஒத்துக்கொண்டுவிட்டன. 2017 இல் மஸ்டா முதல் தலைமுறை ரோட்ஸ்டருக்குத் திரும்பச் சாமான் செய்யப்போவதாக அறிவித்தது. அதே வருசம் நிசான் ஆர்32 ஸ்கைலைன் ஜிடிஆருக்கும் தொடங்கியது. பழைய கிடங்கில் கிடந்ததைத் தேடி விற்கவில்லை, புதுசாகச் செய்தார்கள்.

அடுத்தது ஸ்பிரிங் வெட்டுகிற வியாதி. இதில் எங்களுக்குப் பொறுமையே இல்லை. கிரைண்டரை எடுத்து ஒண்டரைச் சுற்று வெட்டினால் கார் பதியும், உண்மை. ஸ்பிரிங் கொஞ்சம் இறுகும், அதுவும் உண்மை. ஆனால் மேலும் கீழும் போக இருந்த இடத்தை நீங்கள் தின்றுவிட்டீர்கள். இப்ப ஒவ்வொரு பள்ளத்திலும் கார் கடைசித் தடுப்பு ரப்பரில் போய் இடிக்கும். வளைவின் நடுவில் அது இடித்தால் அந்த மூலையின் பாரம் ஒரேயடியாக டயரில் ஏறும், பிடி விடும். கார் எழும்பும்போது வெட்டின ஸ்பிரிங் இருக்கையைவிட்டே நகரலாம். தொழிற்சாலை உயரத்துக்குச் செய்த ஷொக் எந்நேரமும் நசுங்கின நிலையில் வேலை செய்து சீக்கிரம் சாகும். போல் ஜொயின்ட் எப்பவும் சரிந்த கோணத்தில் நிற்கும். காரைத் தாழ்த்துவது குற்றம் இல்லை. அந்த உயரத்துக்கெண்டே செய்த ஸ்பிரிங்கும் அதுக்கேற்ற ஷொக்கும் போட்டு, எலைன்மென்ட் பார்த்துத் தாழ்த்துகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு எங்கட மரியாதை. கிரைண்டரால் தாழ்த்தினது ஸ்போர்ட்ஸ் கார் இல்லை, ஸ்போர்ட்ஸ் கார் மாதிரி தெரிகிற கார்.

இங்கே வேகத்தைவிடப் பெரிய விசயம் நிற்பது. புத்தளத்திலும் கற்பிட்டியிலும் ராத்திரி ரோட்டில் யார் நிற்பார்கள் எண்டு உங்களுக்குத் தெரியும். கழுதை. ஹோர்ன் அடித்தால் நகராது, லைட் அடித்தால் உங்களையே பார்க்கும். கழுதை இல்லாவிட்டால் வெங்காயமும் மிளகாயும் ஏற்றின லொறி லைட் இல்லாமல் ஓரத்தில் நிற்கும், இல்லாவிட்டால் ட்யூஷன் முடிந்து சைக்கிளில் வருகிற பிள்ளை. ஷொக் செத்த காரில் பிரேக் பிடித்தால் மூக்கு குத்தும், பின்பக்கம் இலேசாகும், கரடுமுரடான ரோட்டில் சக்கரம் துள்ளும். துள்ளுகிற சக்கரம் காற்றில் இருக்கிற அந்தக் கண நேரத்துக்கு பிரேக் இல்லை. முன்னுக்கு நாலு பிஸ்டன் கலிப்பர் போட்டிருந்தாலும் அதே கதைதான். இந்த நாட்டில் வருசத்துக்கு 2000 பேருக்கு மேல் ரோட்டில் சாகிறார்கள். அதில் எத்தனை தேய்ந்த மூட்டால் எண்டு ஒரு கணக்கும் வெளியே வராது. "வேகக் கட்டுப்பாட்டை இழந்து" எண்ட ஒரு வரியோடு செய்தி முடிந்துவிடும். கட்டுப்பாடு எப்படி இழந்தது? ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த கையாலா, சக்கரத்தைப் பிடித்திருந்த மூட்டாலா?

கராஜ்காரருக்கும் ஒரு பங்கு இருக்கு. எங்கட ஊர்க் கராஜ்களில் இருக்கிற நானாமார், பாஸ்மார் பலர் காதால் கேட்டே பிழை சொல்லுகிற ஆட்கள். அந்தக் கெட்டித்தனத்துக்கு முன்னால் நாங்கள் சின்னப் பிள்ளைகள். ஆனாலும் ஒரு பழக்கத்தை விடச் சொல்லிக் கேட்கிறோம். புஷ் மாற்றும்போது காரை ஜெக்கில் தூக்கி வைத்து, சக்கரம் தொங்கும்போதே போல்ட்டை இறுக்கி முடித்துவிடுகிறார்கள். புஷ்ஷில் ரப்பர் உள்குழாயோடும் வெளிக்குழாயோடும் ஒட்டியிருக்கு. அது வழுக்கிச் சுற்றாது, முறுகி மட்டும் கொடுக்கும். தொங்கும் நிலையில் இறுக்கினால் அந்த நிலைதான் அதுக்கு "நேர்". காரைக் கீழே இறக்கின உடனேயே ரப்பர் முறுகின நிலைக்கு வந்துவிடும். நிற்கும்போதும் முறுக்கு, ஓடும்போதும் முறுக்கு. வருசக்கணக்கில் இருக்க வேண்டியது சில மாசத்தில் கிழியும். பிறகு பழி புஷ் செய்த கம்பனிக்கு. போல்ட்டை இலேசாக விட்டு, காரின் பாரம் சக்கரத்தில் இருக்கும்போது இறுக்க வேணும். பத்து நிமிச வேலை கூட. அந்தப் பத்து நிமிசத்துக்குக் காசு தர நாங்கள் மறுக்கிறோம் எண்டதும் உண்மை. "அவசரமா முடிச்சுத் தாங்க நானா" எண்டு தலைக்கு மேல் நிற்பது நாங்கள்தானே.

இதில் இன்னொரு கூட்டமும் இருக்கு. "ரப்பரே வேணாம், பொலியூரித்தேன் போடு, ரேஸ் கார் மாதிரி இருக்கும்." சில இடத்தில் அது நல்லது. ஆனால் சிவிக்கின் பின் ட்ரெயிலிங் ஆர்ம் மாதிரி பல திசையிலும் அசைய வேண்டிய இடத்தில் இறுகின பொருளைப் போட்டால் ஆர்ம் மக்கர் பண்ணும். கிறீஸ் போடாமல் விட்டால் கட்டில் மாதிரிக் கிரீச்சிடும். தினமும் மதுரங்குளிக்கும் முந்தலுக்கும் போய் வருகிற காருக்கு நல்ல புது ரப்பர் போதும். புது ரப்பரோடு ஒரு நாள் ஓட்டிப் பாருங்கள். பலர் வாழ்க்கையிலேயே முதல் தரம் அந்தக் கார் எப்படி ஓட வேண்டியது எண்டு அறிவார்கள்.

சரி, காசு? இதுதான் எங்களுக்கு எதிராக வருகிற நேர்மையான கேள்வி. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள். தனியார் கார்களுக்குக் கதவு திறந்தது 2025 பெப்ரவரியில். நடுவில் 2022. 200 சுற்றில் நிண்ட டொலர் 360 பக்கம் போனது, பெற்றோலுக்கு நாள்க்கணக்கில் வரிசையில் நிண்டோம். அந்த அஞ்சு வருசத்தில் ஓடக்கூடிய எந்தப் பழைய காரும் சொத்தாக மாறிவிட்டது. விலை ஏறின காரை யாரும் கைவிட மாட்டார்கள், ஆனால் அதுக்குச் சாமான் வாங்கக் கையில் காசும் இருக்காது. ஆக, கார் மட்டும் வயசு போய்க்கொண்டே ஓடியது. எங்கட ஆட்களிடம் காசு இல்லாமல்தான் பழைய ரப்பர் வாங்குகிறார்கள் எண்டால் பாதி உண்மை. மற்றப் பாதி அலோய் வீலில் தெரிகிறது. வீலுக்கும் சைலன்சருக்கும் சவுண்ட் செட்டுக்கும் கிடைத்த காசு புஷ்ஷுக்கு ஏன் கிடைக்கவில்லை?

குறைந்த காசில் செய்வதெண்டால் ஒரு வரிசை இருக்கு. முதலில் போல் ஜொயின்ட்டும் டை ரொட் எண்டும். அது கழண்டால் சக்கரம் மடியும், ஸ்டியரிங் கையோடு வரும். அதில் கடன் சொல்ல ஏலாது. பிறகு புஷ். பிறகு ஷொக், எப்பவும் சோடியாக. ஒரு பக்கம் புதுசு ஒரு பக்கம் பழசு போட்டால் கார் நொண்டும். ஸ்பிரிங் முறியாமல், இருக்கை உக்காமல் இருந்தால் அது கடைசி. எல்லாம் முடிய எலைன்மென்ட். அதை மிச்சம் பிடித்தால் செய்த செலவு முழுக்க டயரில் தேய்ந்து போகும். ஒரே மொடல் கார் வைத்திருக்கிற நாலு பேர் சேர்ந்து ஒரே தரத்தில் புஷ் செட் எடுத்தால் விலையும் இறங்கும், போலிப் பெட்டியைப் பிடிக்க எட்டுக் கண்ணும் கிடைக்கும். வட்ஸப் குரூப்பில் போட்டோ போடத் தெரிந்த எங்களுக்கு இது ஏலாதா?

இனி அரசாங்கம். 2008 இலிருந்து இந்த நாட்டில் வருசாவருசம் புகைச் சோதனை. அது இல்லாமல் வாகன வருமான உத்தரவுப்பத்திரம் எடுக்க ஏலாது. பஸ்ஸுக்கும் லொறிக்கும் தகுதிச் சான்றிதழ் கேட்கிறார்கள். தனியார் காருக்கு? புகை மட்டும். சைலன்சரில் ஒரு குழாயைச் செருகி கார்பன் மொனொக்சைட் எவ்வளவு எண்டு பார்ப்பார்கள். அதே காரின் முன் சக்கரம் ஒரு விரல் அகலத்துக்கு ஆடினாலும் பாஸ். இங்கிலாந்தில் 1960 இலிருந்து பழைய கார்களுக்குச் சோதனை இருக்கு. அங்கே மூன்று வயசான கார் வருசத்துக்கு ஒருமுறை ஜெக்கில் ஏறி மூட்டையும் பிரேக்கையும் காட்ட வேணும். பொழுதுபோக்கு ரேஸுக்குப் போகிற காரைக்கூட ட்ரக்கில் விடமுன் ஆள் வைத்துச் சோதிக்கிறார்கள். பிள்ளைகளை ஸ்கூலுக்கு ஏற்றிப் போகிற காருக்கு ஒண்டும் இல்லை.

2025 ஜனவரியில் ‘கிளீன் ஸ்ரீ லங்கா’ எண்ட பெயரில் பொலிஸ் பஸ்ஸையும் த்ரீவீலரையும் மறித்து மேலதிக லைட்டையும் அலங்காரத்தையும் கழற்ற வைத்தது நினைவிருக்கும். கண் கூசுகிற லைட்டைக் கழற்றினது நல்லதுதான். ஆனால் பாருங்கள், அவர்களும் கண்ணுக்குத் தெரிவதைத்தான் பார்த்தார்கள். குஞ்சம் கழண்டது, தேய்ந்த மூட்டு அப்படியே போனது. எங்கட அலோய் வீல் புத்தியும் அவர்களுடைய குஞ்சம் கழற்றுகிற புத்தியும் ஒண்டுதான்.

"இன்னொரு சோதனை எண்டால் இன்னொரு லஞ்சக் கவுண்டர்" எண்டு நண்பர்கள் சொல்லுகிறார்கள். அந்தப் பயம் எங்களுக்கும் இருக்கு. தேய்ந்த மூட்டைத் தடி போட்டு நெம்பிப் பார்க்க ஒருவர் வருவார், மறு கையை நீட்டிக்கொண்டு. அதனால்தான் இதைச் சாமான் விலையோடு சேர்த்துக் கேட்க வேணும் எண்டு சொல்லுகிறோம். பிரேக், போல் ஜொயின்ட், டை ரொட், புஷ், ஷொக்: உயிரைக் காக்கிற இந்தச் சாமான்களுக்கு இறக்குமதி வரியைக் குறைத்துவிட்டுச் சோதனையைக் கொண்டுவாருங்கள். பெயிலான காருக்குத் தண்டம் வேண்டாம், திருத்திக்கொண்டு வர ஒரு மாசம் கொடுங்கள். என்ன பிழை எண்டதை எழுத்தில் கொடுங்கள், தமிழிலும். புகைச் சோதனை நிலையத்துக்கு எப்படியும் வருசத்துக்கு ஒருமுறை கார் வருகிறது. அங்கேயே ஒரு ஜெக்கும் ஒரு தடியும் ஒரு டோர்ச்சும் வைக்க எவ்வளவு செலவாகும்? எங்கட மாவட்டத்தில் வாக்குக் கேட்டு வருகிறவர்களிடம் ரோட்டுக்குத் தார் கேட்கிற நேரம் இதையும் கேட்கலாம்.

அது வரும் வரைக்கும் உங்கள் அடுத்த புகைச் சோதனை நாளை எடுங்கள். அண்டைக்கு எப்படியும் லீவு போட்டுக் கார் வெளியே வருகிறது. சோதனை முடிந்து திரும்பும் வழியில் தெரிந்த கராஜ் ஒன்றில் நிறுத்தி, "நானா, நாலு சக்கரத்தையும் தூக்கி ஆட்டிப் பாருங்க, பின்பக்கப் பெரிய புஷ்ஷையும் டோர்ச் அடிச்சுப் பாருங்க" எண்டு கேளுங்கள். அவர் தடியை எடுத்து நெம்பும்போது நீங்களும் கீழே குனிந்து பாருங்கள். பார்த்த கூலியை, ஒண்டும் மாற்றாவிட்டாலும், கொடுத்துவிட்டு வாருங்கள்.